செல் சவ்வைப் பொருட்கள் எப்படிக் கடக்கின்றன? சீனி, கிழங்கு, பல்லாரி வைத்துச் செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

பிளஸ் ஒன் உயிரியலில் இந்தப் பாடம் வந்தால் வழக்கமாக முதலில் சவ்வின் படம் வரைவார்கள். அப்புறம் வரையறைகள், கடைசியில் நேரம் இருந்தால் ஒரு பரிசோதனை. பிள்ளைகள் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இந்த வரிசைதான் என்பது என் கருத்து. பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்ததில் வேறொரு வரிசைதான் பலன் தருகிறது: முதலில் சவ்வே இல்லாமல் நகர்வு, அடுத்து சவ்வு, கடைசியில் சவ்வில் உள்ள புரதங்கள். கீழே உள்ளது அந்த வரிசை. மைக்ரோஸ்கோப் தேவைப்படுவது ஒரே ஒரு படிக்குத்தான். மற்றதெல்லாம் அடுப்படி மேசையிலேயே முடிந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய உருளைக்கிழங்கு இரண்டு. விரலால் அழுத்தினால் குழியாமல் கட்டியாக இருக்க வேண்டும். முளைவிட்டதும் வதங்கியதும் வேண்டாம். பிரிட்ஜில் பல நாள் கிடந்த கிழங்கும் வேண்டாம். குளிரில் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும், அதனால் உங்கள் விடையும் இடம் மாறிவிடும்.

வெள்ளைச் சீனி கால் கிலோ, தூள் உப்பு ஒரு பாக்கெட், தோல் நன்றாகச் சிவந்த பல்லாரி (பெரிய வெங்காயம்) ஒன்று, கடல்பாசி (அகர் அகர்) ஒரு பாக்கெட், பேனா மை, ஒரே அளவு டம்ளர் ஏழெட்டு, டிஷ்யூ பேப்பர், அடிக்கோல், கூர்மையான கத்தி. மில்லி அளக்க மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்ச் போதும், ஊசி வேண்டாம்.

தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. இங்கே நாம் தேடும் மாற்றமோ 0.2, 0.3 கிராம்தான். தராசு கிடைக்காவிட்டால் துண்டின் நீளத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம், ஆனால் விடை தோராயமாகத்தான் வரும்.

தண்ணீரில் கவனம் தேவை. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதை ‘வெறும் தண்ணீர்’ என்று டம்ளரில் ஊற்றினால் தொடக்கமே தவறு. கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கூடாது. உடன்குடிக் கருப்பட்டி காப்பிக்கு நல்லது, ஆனால் அதில் சுக்ரோஸோடு தாது உப்புகளும் வேறு சர்க்கரைகளும் கலந்திருக்கும். எத்தனை மோலார் (லிட்டர் கரைசலுக்கு எத்தனை மோல் என்ற செறிவு) என்று கணக்குப் போட முடியாது. கல் உப்பும் ஈரம் பிடித்திருக்கும் என்பதால் எடைக்குச் சரிப்படாது.

2. முதல் நாள்: சவ்வு இல்லாமல் பரவல்

பலர் டம்ளர் தண்ணீரில் மைச் சொட்டு விட்டு ‘இதோ பரவல்’ என்று காட்டுகிறார்கள். அது அவ்வளவு நேர்மையான சோதனை அல்ல. அங்கே மை நகர்வதற்குப் பெரும்பகுதிக் காரணம் தண்ணீரின் ஓட்டம். சொட்டு விழுந்த வேகம், மேசை ஆட்டம், சூட்டு வித்தியாசம் எல்லாம் அதைக் கலக்கிவிடுகின்றன.

ஓட்டத்தை நிறுத்தக் கடல்பாசி உதவும். நோன்புக் காலத்தில் மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற அதே பொருள்தான். 100 மில்லி தண்ணீரில் ஒன்றரை கிராம் போட்டு, கரையும்வரை கொதிக்கவிட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி உறையவிடுங்கள். பால் வேண்டாம், சீனி வேண்டாம். உறைந்த பிறகு மேலே ஒரு விரற்கடை அளவு மை ஊற்றுங்கள்.

1 மணி, 4 மணி, 9 மணி நேரம் கழித்து நிறம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். முதல் மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் இறங்கும். 4 மணியில் அதைப் போல் 4 மடங்கு இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஏறக்குறைய 2 மடங்குதான் இருக்கும். 9 மணியில் 3 மடங்கு. தூரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகிறது.

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். மூலக்கூறுகள் திசை தெரியாமல் அங்குமிங்கும் முட்டிமோதுகின்றன. அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து வெளியேறுபவை அதிகம், திரும்பி வருபவை குறைவு. மொத்தத்தில் மிஞ்சும் நகர்வுதான் பரவல். இதற்கு ஆற்றலை யாரும் செலவழிப்பதில்லை. சர்க்கரை மூலக்கூறு அசையாத தண்ணீரில் 10 மைக்ரோமீட்டர் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். 1 சென்டிமீட்டர் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். செல்கள் ஏன் அவ்வளவு சிறியவை என்ற கேள்விக்கு இதில் பெரும்பகுதி விடை இருக்கிறது.

3. சவ்வு வந்தவுடன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

‘இந்தக் கரைசல் எங்கே போகும்?’ என்று கேட்கக் கூடாது. கரைசல் ஒரு பொருள் அல்ல. தண்ணீர், சீனி, உப்பு என்று கலந்துள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு கேளுங்கள்: இது எந்தப் பக்கம் அதிகம்? சவ்வின் கொழுப்புப் படலத்தைத் தானே கடக்குமா? கடக்காது என்றால் அதற்கென்று புரதம் ஏதாவது இருக்கிறதா?

ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்முனை இல்லாத மூலக்கூறுகள் கொழுப்புப் படலத்தை நேராகக் கடக்கும். ஸ்டீராய்டு ஹார்மோன்களும் அப்படியே. தண்ணீர் கொஞ்சம் நேராகக் கசியும். அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் இருந்தால் வேகமாகப் போகும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகளுக்கு மின்னூட்டம் உண்டு. கொழுப்புப் படலம் அவற்றை விடாது, அயனிக் கால்வாய் வேண்டும். குளுக்கோஸ் பெரியது, நீரை விரும்புவது. அதற்குக் கடத்திப் புரதம் வேண்டும். நம் சோதனையில் வரும் சுக்ரோஸ், ஓரிரு மணி நேரத்துக்குள் கிழங்குச் செல்லின் சவ்வைக் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கடப்பதில்லை. சோதனை பலிப்பதே அதனால்தான்.

வகுப்பில் வருடா வருடம் வரும் சந்தேகம் ஒன்று: “சார், தண்ணி கம்மியான பக்கத்துல இருந்து கூடுன பக்கத்துக்குல்லா போகுது? அப்போ இதுக்கு ஆற்றல் வேணும்லா?” நியாயமான கேள்விதான். ‘கம்மி, கூடுதல்’ என்று அந்தப் பிள்ளை எண்ணியது சீனியை. நகர்வதோ தண்ணீர். சீனி கரைந்த பக்கத்தில் தண்ணீரின் நீரியல் திறன், அதாவது வேறிடம் நகரும் நாட்டம், குறைவு. வெறும் தண்ணீர்ப் பக்கம் அது அதிகம். தண்ணீரைப் பொறுத்தவரை அது இறக்கத்தில்தான் போகிறது. இப்படித் தண்ணீர் சவ்வைக் கடந்து நகர்வதுதான் சவ்வூடு பரவல். நோட்டில் அம்புக்குறி போடும் முன் ‘எதன் அம்பு?’ என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

4. சீனிக் கரைசல் தயாரித்தல்

சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342. 1 மோலார் கரைசல் 200 மில்லி வேண்டுமானால் 68.4 கிராம் சீனி தேவை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, 200 மில்லி தண்ணீரை அளந்து அதில் சீனியைக் கொட்டுவது. சீனியும் இடம் பிடிக்கும் என்பதால் மொத்தம் 240 மில்லிக்கு மேல் போய்விடும். செறிவும் 1 மோலாருக்குக் கீழே இறங்கிவிடும். முதலில் சீனியைப் போட்டு, பாதித் தண்ணீரில் கரைத்து, பிறகு 200 மில்லி குறிவரை நிரப்புங்கள். சூடாக்கிக் கரைத்தால் ஆறிய பிறகே நிரப்ப வேண்டும்.

அடுத்து ஆறு டம்ளர், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. முதலாவதில் தண்ணீர் மட்டும். 0.2 மோலாருக்கு 10 மில்லி கரைசலோடு 40 மில்லி தண்ணீர். 0.4-க்கு 20-ம் 30-ம், 0.6-க்கு 30-ம் 20-ம், 0.8-க்கு 40-ம் 10-ம். ஆறாவதில் 1 மோலார் கரைசல் அப்படியே 50 மில்லி. ஊற்றும் முன்பே டம்ளரில் சீட்டு ஒட்டிவிடுங்கள். ஊற்றிய பிறகு ஆறும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம்.

5. கிழங்கை வெட்டுதல்

தோலை முழுவதும் சீவுங்கள். தோல் தக்கைத் திசு, தண்ணீரைச் சரியாக விடாது. ஒரு துண்டில் மட்டும் தோல் ஒட்டியிருந்தால் அந்த டம்ளர் தனியாக ஒரு கதை சொல்லும்.

4 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் கனம். டம்ளருக்கு மூன்று துண்டு என்று மொத்தம் 18. கனத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடல்பாசியில் பார்த்த கணக்கு இங்கேயும் வரும்: கனம் இரட்டிப்பானால் நடுப்பகுதிவரை மாற்றம் போய்ச் சேர நான்கு மடங்கு நேரம் ஆகும்.

பதினெட்டும் ஒரே கிழங்கில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு கிழங்கின் துண்டுகளையும் எல்லா டம்ளருக்கும் ஒரே விகிதத்தில் பங்கிடுங்கள். முதல் மூன்று டம்ளருக்கு ஒரு கிழங்கு, அடுத்த மூன்றுக்கு மற்றொன்று என்று வைத்தால், நீங்கள் அளப்பது சீனியின் விளைவையா கிழங்குகளின் வித்தியாசத்தையா என்று சொல்ல முடியாது.

வெட்டிய துண்டுகளை ஈரத் துணியால் மூடுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அதுவும் ஃபேன் காற்றில், பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே தண்ணீர் போய்விடும்.

6. எடை, ஊறல், மறு எடை

மூன்று மூன்று துண்டாக டிஷ்யூவில் ஒற்றி, சேர்த்து எடை போட்டு எழுதிக்கொண்டு டம்ளரில் போடுங்கள். ஆறு டம்ளருக்கும் இடையே ஓரிரு நிமிட வித்தியாசம்தான் இருக்க வேண்டும். செறிவான கரைசலில் துண்டு மிதந்தால், ஒரு கரண்டியை வைத்து முழுக்க முங்கச் செய்யுங்கள்.

2 மணி நேரம் போதும். இரவு முழுக்க வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே உள்ள சூட்டில் சீனித் தண்ணீர் புளிக்கத் தொடங்கிவிடும், கிழங்கும் கொழகொழக்கும்.

எடுக்கும்போது போட்ட வரிசையிலேயே எடுங்கள். ஒற்றுவதுதான் இந்தச் சோதனையின் பலவீனமான இடம். ஒருவர் அழுத்தித் துடைப்பார், இன்னொருவர் சும்மா தொட்டு எடுப்பார். ஈரம் ஒட்டிய துண்டு எடை கூடியதுபோல் காட்டும். ஒரே ஆள், ஒரே அழுத்தம், ஒவ்வொரு பக்கமும் ஒரு முறை.

எடையோடு நிறுத்தாமல் ஒரு துண்டை வளைத்தும் பாருங்கள். வெறும் தண்ணீரில் இருந்தது விறைத்து, வளைத்தால் பட்டென்று ஒடியும். 1 மோலாரில் இருந்தது ரப்பர்போல் வளையும். விறைப்பழுத்தம் என்று புத்தகம் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

7. கணக்கும் வரைபடமும்

எடை மாற்றத்தைத் தொடக்க எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக 6.00 கிராம் 6.60 ஆனால் +10 சதவீதம். கிராமை அப்படியே வரைபடத்தில் போடக் கூடாது, ஏனென்றால் எல்லாத் துண்டும் ஒரே எடையில் தொடங்கவில்லை.

கிடை அச்சில் செறிவு, செங்குத்து அச்சில் சதவீதம். நேர்க்குறியும் எதிர்க்குறியும் வருவதால் பூஜ்யக் கோட்டைத் தாளின் நடுவில் வையுங்கள். புள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், அவற்றின் நடுவே சீரான கோடு ஒன்று இழுங்கள். அது பூஜ்யத்தை வெட்டும் இடத்தில் உள்ள செறிவுதான் கிழங்குச் செல்லோடு சமநிலையில் இருக்கும் கரைசல். உருளைக்கிழங்குக்கு அது பெரும்பாலும் 0.3 மோலாரை ஒட்டி விழும். 0.5 தாண்டினால் கிழங்கின் வயதையும், நீங்கள் ஒற்றிய விதத்தையும் சந்தேகியுங்கள்.

அந்தப் புள்ளியில் தண்ணீர் நின்றுவிட்டது என்று எழுதினால் மதிப்பெண் போகும். உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக நடக்கிறது, நிகர நகர்வு மட்டும்தான் பூஜ்யம்.

ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் 0.3 மோலார் சீனிக் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் 0.3 × 0.083 × 303 (செறிவு × வாயு மாறிலி × கெல்வினில் வெப்பநிலை), அதாவது சுமார் 7.5 பார். கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

8. வேகவைத்த துண்டு ஏன் கட்டாயம்

‘கிழங்கு பஞ்சுபோல உறிஞ்சுகிறது, அவ்வளவுதானே?’ என்று ஒருவர் கேட்டால் மேலே செய்த எதுவும் அதற்கு விடை சொல்லாது. அதற்காகவே இந்தப் படி. மூன்று துண்டை உடையாத பதத்தில் வேகவைத்து, ஆறவிட்டு, ஒற்றி, எடை போட்டு, 1 மோலார் கரைசலில் வையுங்கள். சூட்டில் சவ்வு சிதைந்துவிட்டது. இப்போது சீனியைத் தடுக்க ஆள் இல்லை, அது உள்ளே பரவிவிடும். பச்சைத் துண்டு வதங்கியதுபோல் இது வதங்காது.

பீட்ரூட்டிலும் பார்க்கலாம். வெட்டிய துண்டைச் சாயம் போகும்வரை கழுவிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் நிறம் அதிகம் இறங்காது. 70 டிகிரி தண்ணீரில் போட்டால் சிவந்துவிடும். கழுவாமல் போட்டால் இரண்டும் சிவக்கும், வெட்டுப்பட்ட செல்களின் சாயம் அது.

9. பல்லாரித் தோலில் கண்ணால் பார்த்தல்

சிவந்த இதழின் வெளிப்பக்கத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, மூடுவில்லை வைத்து, மைக்ரோஸ்கோப்பின் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் செல்லை முழுக்க நிறைத்திருக்கும். மூடுவில்லையின் ஒரு ஓரத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைச் சொட்டி, மறு ஓரத்தில் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. சுவர் தண்ணீரையும் உப்பையும் தடுப்பதில்லை. சுருங்கியது சவ்வும் அதன் உள்ளே இருப்பதும்தான். சுவருக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள வெற்றிடம்போன்ற பகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘காற்று’ என்பார்கள். உப்புக் கரைசல் என்பதே விடை.

உடனே தண்ணீரைச் சொட்டினால் செல் பழைய நிலைக்கு வரும். அதிக நேரம் உப்பில் விட்டால் செத்துவிடும், திரும்பாது. பள்ளித் தோட்டத்தில் ரியோ செடி இருந்தால் அதன் இலையின் ஊதா அடிப்பக்கம் பல்லாரியை விடத் தெளிவாகக் காட்டும்.

முட்டையை வினிகரில் போட்டு ஓட்டைக் கரைக்கும் சோதனையை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். சவ்வூடு பரவலை அது நன்றாகவே காட்டும். ஆனால் அங்கே மிஞ்சும் உறை புரத நார்களால் ஆனது, செல் சவ்வு அல்ல. முதலிலேயே காட்டினால் செல் சவ்வு என்றால் கையால் தொடக்கூடிய தோல் என்று பதிந்துவிடும்.

10. உப்புக்கு மாற்றினால் கணக்கு மாறும்

0.3 மோலார் சீனிக்குச் சமமான உப்புக் கரைசல் எது? 0.3 என்று சொல்பவர்களே அதிகம். உப்பு தண்ணீரில் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது, தண்ணீருக்கு முக்கியம் கரைந்த துகள்களின் எண்ணிக்கை. ஆகவே ஏறக்குறைய 0.15 மோலார், அதாவது 100 மில்லிக்கு 0.88 கிராம். விடையை முதலில் எழுத வைத்து, அப்புறம் கிழங்குத் துண்டைப் போட்டுச் சரிபாருங்கள்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று இருப்பதும் இதே அளவுதான். நம் சிவப்பணுவுக்கு இது சமநிலை. வெறும் தண்ணீரில் சிவப்பணு வெடித்துவிடும், கிழங்குச் செல் வெடிக்காது, ஏனென்றால் அதற்குச் செல்சுவர் தாங்கல் உண்டு. இரத்தத்தை வைத்துச் சோதனை மட்டும் வீட்டில் வேண்டாம்.

நார்த்தங்காய் உப்பில் தண்ணீர் விடுவதும், கருவாடு கெடாமல் இருப்பதும் இதே கணக்குத்தான். களக்காட்டில் வாழைக்கு யூரியாவைத் தூரிலேயே குவித்தால், பாத்தியில் ஈரம் இருந்தும் இலை கருகுவதற்கும் இது ஒரு காரணம். வேரைச் சுற்றியுள்ள தண்ணீரின் நீரியல் திறன் வேர்ச்செல்லினதை விடக் கீழே போய்விடுகிறது.

11. வீட்டில் காட்ட முடியாதது: புரதம் வழியான பரவல்

இதைத் தாளில்தான் செய்ய வேண்டும். செறிவு கூடக்கூட நேரடிப் பரவலின் வேகம் நேர்கோட்டில் ஏறும். கடத்திப் புரதம் வழியான வேகமோ ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தட்டையாகிவிடும், ஏனென்றால் இருக்கும் புரதங்கள் எல்லாம் வேலையில் இருக்கின்றன. இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் வரையுங்கள்.

‘புரதம் உதவுகிறது, ஆகவே ஆற்றல் செலவாகிறது’ என்பது தவறு. சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் கடத்திப் புரதம் வழியாக, செறிவு குறைந்த பக்கம் நோக்கித்தான் போகிறது, ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவில்லை. உள்ளே போனதும் அதில் பாஸ்பேட் சேர்க்கப்பட்டு வேறு பொருளாகிவிடுவதால் உள்ளே குளுக்கோஸ் குறைவாகவே இருக்கும், வரத்தும் நிற்காது. அந்தப் பாஸ்பேட் சேர்க்கும் வேலைக்கு ஏடிபி செலவாகும், ஆனால் அது சவ்வைக் கடந்த பிறகு நடப்பது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை மட்டும் இந்த ஆற்றல் செலவில்லாத நகர்வுகளோடு அப்படியே சேர்த்துவிடாதீர்கள். இப்போதைய உலக சுகாதார நிறுவன அளவில் லிட்டருக்கு குளுக்கோஸ் 75, சோடியம் 75 மில்லிமோல் இருக்கும். குடலில் குளுக்கோஸ் சோடியத்தோடு கைகோத்துத்தான் செல்லுக்குள் நுழைகிறது. செல்லுக்குள் சோடியத்தைக் குறைவாக வைத்திருக்க மறுபுறம் ஏடிபி செலவழித்து ஒரு பம்ப் ஓடுகிறது. ஆகவே குளுக்கோஸின் அந்த நுழைவு ஆற்றலைச் சார்ந்தது. அவற்றின் பின்னால் தண்ணீர் போவது சவ்வூடு பரவல். ஒரே டம்ளர் கரைசலில் பொருளுக்குப் பொருள் விடை மாறுகிறது. மூன்றாம் படியில் உள்ள கேள்விகளை குளுக்கோஸ், சோடியம், தண்ணீர் என்று தனித்தனியாக எழுதி நிரப்பச் சொன்னால், யாருக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.